பெருமூச்சின் அகராதி
இருகரை மனங்கள் – 9

சென்ற வாரம் மண்டபம் முகாம் வாசலில் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் பிரிந்தோம். படகேறி வந்தவர்களில் பலருக்கு ஒரே முறைப்பாடு: பெருமூச்சு. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தால் இதயம் சரியாகத் துடிக்கிறது. சளி இல்லை, இளைப்பு இல்லை. ஆனாலும் ஆளுக்குள் இருந்து ஏதோ ஒன்று இழுத்து இழுத்து மூச்சாக வெளியே வருகிறது. இந்த நோய்க்குப் பெயர் என்ன?

அதைத் தேடி இந்த வாரம் கடல் தாண்டப் போகிறோம். தூரம் அதிகமில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 30 கிலோமீட்டர்தான்.

அந்த 30 கிலோமீட்டரைக் கடந்தவர்களின் கணக்கை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1983 ஜூலையில் இருந்து 1987 ஜூலை வரை சுமார் 1,34,000 பேர். 1989 ஆகஸ்ட் முதல் 1991 ஏப்ரல் வரை இன்னொரு 1,22,000 பேர். தனுஷ்கோடி என்று நம்பி நடுக்கடல் தீடைகளில் இறங்கி, சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தபடி விடியும் வரை நின்றவர்களும் இதில் அடக்கம். மண்டபத்தில் அவர்களுக்குக் குடும்ப அட்டையும் அரிசியும் பாத்திரமும் கிடைத்தன. அந்த மூச்சுக்கு மட்டும் யாரிடமும் சீட்டு இல்லை.

அக்கரையில் ஒரு மருத்துவர் அதைக் குறித்துவைத்துக்கொண்டிருந்தார்.

*

போவதற்கு முன் மூன்று ஊர்ப் பெயர்கள்.

சென்னையில் ஒருவனைக் கிறுக்கன் என்று சொல்ல நினைத்தால் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்பார்கள். 1794-இல் மதராசில் தொடங்கிய மனநல விடுதியின் வாரிசு அங்கே நின்றதால் அந்த ஊருக்கு இந்தக் கதி. யாழ்ப்பாணத்தில் அதே வசவு ‘அங்கொடை’. கொழும்புக்குப் பக்கத்தில் பெரிய மனநல மருத்துவமனை இருந்த ஊர் அது. நம் ராமநாதபுரத்துக் கரையிலோ, அடங்காத பிள்ளையைப் பார்த்து அம்மா சொல்வது: “ஒன்னய ஏர்வாடியில கொண்டு போயி கட்டிப் போடணும்டா.”

வசவுகள் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால் முதல் இரண்டில் ஆளை அனுப்புகிறார்கள். மூன்றாவதில் கட்டுகிறார்கள். அந்தக் ‘கட்டு’ என்ற சொல்லை மறக்க வேண்டாம். அத்தியாயத்தின் கடைசியில் தேவைப்படும்.

அங்கொடை என்றாலே வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் யாழ்ப்பாணத்தில்தான் தயா சோமசுந்தரம் மனநல மருத்துவம் பார்த்தார். தெல்லிப்பழையிலும் யாழ் போதனா மருத்துவமனையிலும் சிகிச்சை, பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பாடம். லட்சக்கணக்கான மக்கள் வாழும் குடாநாடு; மேலே குண்டு, கீழே கண்ணிவெடி; மனநல மருத்துவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

அவரிடம் வந்தவர்கள் எவரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. தலை கொதிக்குது என்றார்கள். நெஞ்சு இடிக்குது, கை கால் விறைக்குது, உடம்பு பெலயீனம், யோசனை கூடிப்போச்சு என்றார்கள். பிறகு பெருமூச்சு விட்டார்கள்.

மேலைநாட்டுப் பாடப்புத்தகம் படித்த மருத்துவர் இதை என்ன செய்வார்? ரத்தம் எடுத்துப் பார்ப்பார், படம் பிடிப்பார், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவைப்பார். சோமசுந்தரம் அனுப்பவில்லை. துயரத்தைத் தமிழர்கள் உடம்பின் மொழியில்தான் பேசுகிறார்கள் என்று புரிந்துகொண்டார். பெருமூச்சு ஒரு நோய்க்குறி மட்டுமல்ல, அது ஒரு வாக்கியம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், வீடு திரும்பாத கணவனுக்காக வாசலில் இருப்பவள், ராணுவ முகாமிலிருந்து விடுபட்டு வந்த இளைஞன் என எல்லோரும் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்கத் தெரிந்தவர்தான் குறைவு.

அவர் அதைச் சேகரித்தார். நோயாளியின் வாய்ச்சொல்லை மாற்றாமல் குறித்தார். மருத்துவக் குறிப்பாகத் தொடங்கிய அந்த எழுத்து, சீக்கிரமே மருத்துவக் கோப்பை விட்டு வெளியேறியது. அதற்கு ஒரு தீபாவளி காரணம்.

*

1987 அக்டோபர் 21. தீபாவளி நாள். யாழ்ப்பாணத்து வீதிகளில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை. அன்றும் மறுநாளும் யாழ் போதனா மருத்துவமனைக்குள்ளேயே துப்பாக்கிகள் வெடித்தன. இந்தியப் படையினரின் தாக்குதலில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயத்துக்கு மருந்து தேடி வரும் இடமே காயமாகிப்போனது.

அடுத்த ஆண்டு யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து மனித உரிமை அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்களுக்குள் நால்வர் ஒரு நூல் எழுத உட்கார்ந்தார்கள். ராஜன் ஹூல், க. ஸ்ரீதரன் இருவரும் கணிதம். ரஜனி திரணகம உடற்கூற்றியல் துறைத் தலைவர். நான்காமவர் தயா சோமசுந்தரம். நால்வரில் மனநல மருத்துவர் இவர் ஒருவர்தான்.

நூலின் பெயர் ‘முறிந்த பனை’.

ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. புயலில் தென்னை சாயும், பனை நிற்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியே கடலுக்குள் போனபோதும் இந்தக் கரையில் பனை நின்றது. பனை முறிந்தது என்றால் வந்தது சாதாரணக் காற்று இல்லை.

இலங்கை ராணுவம், இந்தியப் படை, போராளி இயக்கங்கள் என எவரையும் அந்த நூல் விட்டுவைக்கவில்லை. யார் செய்தாலும் செய்ததை எழுதியது. அப்படி ஒரு கணக்கை எழுதுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனை நாள் உயிரோடு இருக்க முடியும்?

1989 செப்டம்பர் 21 மாலை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் மறித்துச் சுட்டார்கள்.

இறந்தவர் ரஜனி திரணகம. வயது 35. இரண்டு பெண் குழந்தைகளின் தாய். கொன்றது புலிகளே என்று அவரோடு எழுதியவர்கள் குற்றம் சாட்டினார்கள். 1990-இல் ‘முறிந்த பனை’ அமெரிக்காவில் அச்சாகி வந்தபோது அட்டையில் நான்கு பெயர்கள் இருந்தன. உயிரோடு மூவர்.

*

உலகத்தில் மனநல மருத்துவர்கள் எழுத்தாளர்களானது புதிதில்லை. பால்டிக் கடலோரத்து எஸ்டோனியாவில் வைனோ வாஹிங் (1940–2008) சோவியத் ஆட்சிக் காலத்தில் டார்ட்டு நகரத்து மனநல மருத்துவராக இருந்துகொண்டே கதையும் நாடகமும் நாட்குறிப்பும் எழுதினார். அல்ஜீரியாவில் பிளிடா மருத்துவமனையில் இருந்த ஃபிரான்ஸ் ஃபனான், ஒரு நாட்டையே பைத்தியமாக்குகிற ஆட்சியின் கீழ் தனி மனிதர்களைக் குணப்படுத்துவதில் பொருளில்லை என்று 1956-இல் வேலையை உதறினார். பிறகு அவர் எழுதியவை உலகைக் கலக்கின.

சோமசுந்தரம் மூன்றாவது வழியில் போனார். வேலையை உதறவில்லை. குண்டு விழுகிற ஊரிலேயே மருத்துவம் பார்த்துக்கொண்டு எழுதினார்.

அப்படி எழுதியபோது தமிழில் ஒரு சொல் அவருக்குத் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் ‘டிராமா’ என்பதற்கு அதிர்ச்சி என்று எழுதினால் போதாது. அதிர்ச்சி ஒரு நொடியில் வந்து போவது. காயம் என்றாலும் போதாது. காயம் ஆறும். ஆறிய பின்னும் தோலில் கிடக்கும் தடத்துக்குத் தமிழில் வடு என்று பெயர். புண்ணும் வடுவும் வேறு வேறு என்று வள்ளுவர் காலத்திலேயே நமக்குத் தெரியும். ‘மனவடு’ என்ற தலைப்பிலேயே அவர் தமிழில் ஒரு சிறு நூல் எழுதினார்.

ஆக, மண்டபம் வாசலில் விட்டுவந்த கேள்விக்கு இதுதான் விடை. அந்தப் பெருமூச்சின் பெயர் மனவடு.

பெயர் வைத்தால் நோய் போய்விடுமா என்று கேட்பீர்கள். போகாது. ஆனால் பெயர் இல்லாத நோய்க்கு ஊரே பெயர் வைத்துவிடும். பேய் என்னும், செய்வினை என்னும், நடிப்பு என்னும். மருத்துவர் வைக்கும் பெயர் அந்த ஆளை அவற்றிலிருந்தெல்லாம் இறக்கிக்கொண்டுவந்து, ‘உனக்கு நடந்ததற்கு இப்படி ஆவது இயல்பு’ என்று சொல்கிறது. பாதி மருந்து அந்த வார்த்தையிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு ஆள் வேண்டும். 1995 அக்டோபர் 30 இரவு, மழையில், வலிகாமம் மக்கள் லட்சக்கணக்கில் ஒரே சாலையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்கள் இத்தனை பேரின் வடுவை எப்படிப் பார்ப்பார்கள்? ஆசிரியர்களையும் தாதியரையும் ஊர்ப் பணியாளர்களையும் பயிற்றுவிப்பதே வழி என்று சோமசுந்தரம் முடிவு செய்தார். போரில் நைந்த கம்போடியாவில் சமூக உளநலப் பணி செய்த அனுபவமும் அவருக்குக் கைகொடுத்தது. எஸ். சிவயோகனோடு சேர்ந்து, ஊரில் வேலை செய்பவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழ்ச் சமூகத்தின் உளநலம் பற்றிக் கைநூல் ஒன்றும் தயாரித்தார்.

அவர்கள் கற்றுக்கொடுத்த ஒரு பயிற்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நோயாளி சம்மணமிட்டு உட்கார வேண்டும். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். ஒவ்வொரு மூச்சோடும் ஒரு சொல். சைவர் என்றால் ‘ஓம்’. கத்தோலிக்கர் என்றால் இயேசுவின் பெயர். முஸ்லிம் என்றால் ‘சுப்ஹானல்லாஹ்’. பாட்டியிடமிருந்து வந்த சொல் எதுவோ, அதுவே மருந்து. பெருமூச்சாக வெளியேறிக்கொண்டிருந்த அதே காற்றைப் பிடித்து நிதானமாக்கி, அவரவர் சொல்லில் கட்டிவைத்தார்கள். மருத்துவம் நம்பிக்கையைத் துரத்தவில்லை. பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டது.

1998-இல் அவருடைய பெரிய நூல் ஆங்கிலத்தில் வந்தது. ‘வடுப்பட்ட மனங்கள்’ என்பது அந்தத் தலைப்பின் பொருள். 2014-இல் ‘வடுப்பட்ட சமூகங்கள்’. முதல் தலைப்பில் இருந்த மனம் இரண்டாவதில் சமூகமாகியிருப்பதைக் கவனியுங்கள். முள்ளிவாய்க்கால் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

*

இனி நம் கரைக்குத் திரும்புவோம்.

கீழக்கரை தாண்டிப் போனால் ஏர்வாடி. சையது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா அடங்கிய தர்கா. சந்தனக்கூடு என்றால் ராமநாதபுரம் மாவட்டமே அங்கே திரளும். இந்துக்களும் வருவார்கள், முஸ்லிம்களும் வருவார்கள். பிள்ளைக்குப் புத்தி பேதலித்தால், மருத்துவமனை ஏறி இறங்கி ஓய்ந்தவர்களும், மருத்துவமனையே பார்த்திராதவர்களும் அங்கே கூட்டி வருவார்கள். தர்கா விளக்கின் எண்ணெய், தீர்த்தம், பிரார்த்தனை. கனவில் உத்தரவு வந்தால்தான் ஊர் திரும்புவது. உத்தரவு ஒரு வாரத்திலும் வரலாம், பத்து வருடத்திலும் வரலாம்.

அக்கரையில் சோமசுந்தரம் செய்ததை, அதாவது பிரார்த்தனைக்குப் பக்கத்தில் மருத்துவம் பாய் விரிப்பதை, இங்கே அன்றைக்குச் செய்தவர் இல்லை. காலியாகக் கிடந்த அந்த இடத்தில் கொட்டகைகள் முளைத்தன. தர்கா நடத்தியவை அல்ல, தனியார் நடத்தியவை. மாதாமாதம் பணம் அனுப்பினால் போதும், உங்கள் ஆளை வைத்துக்கொள்வார்கள். மனநல விடுதி நடத்த உரிமம் வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. சட்டம் டெல்லியில் இருந்தது. கொட்டகை ஏர்வாடியில் இருந்தது.

கொட்டகைக்குள் வைத்தியம் என்று இருந்தது ஒரே ஒரு கருவி. இரும்புச் சங்கிலி. ஒரு முனை கணுக்காலில், மறு முனை அசையாத ஏதோ ஒன்றில். நடுவில் பூட்டு. பூட்டுக்குச் சாவி உண்டு. கட்டப்பட்டவரின் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்காது.

‘வடுப்பட்ட மனங்கள்’ வெளிவந்து மூன்று ஆண்டுகள். 2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. விடிவதற்குச் சற்று முன். ஏர்வாடியில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. உள்ளே 45 பேர். பெரும்பாலானோர் காலில் சங்கிலி.

கூரையில் நெருப்பு.

அந்த விடியலில் நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும். தெரியாத ஒன்று உண்டு. அந்தச் சாவுகளுக்காக உச்சநீதிமன்றத்துக்கு மனு எழுதிக்கொண்டு எந்தக் குடும்பமும் முதலில் போகவில்லை. எந்த அரசும் போகவில்லை. ஆனாலும் வழக்கு அங்கே எண் பெற்றது. வழக்குக் கட்டின் முதல் பக்கத்தில், மனுதாரர் பெயர் எழுதுகிற இடத்தில், ஓர் ஆளின் பெயரும் இல்லை.

இருந்தது ஓர் எண்: 25.

பெயர் இல்லாத அந்த 25 பேரை டெல்லிக்கு அழைத்துப்போனது யார்? அவர்கள் கேட்ட நீதி என்ன ஆனது?

(அடுத்த வாரம்)