பொதி மிதிவண்டி (வியட்நாம்)

பொதி மிதிவண்டி என்பது, ஏறி ஓட்டுவதற்குப் பதிலாகப் பாரம் ஏற்றித் தள்ளிச் செல்வதற்கு ஏற்ற வகையில் மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். வியட்நாமிய மொழியில் இது "ஸே தோ" எனப்படுகின்றது. "ஸே" என்பது வண்டியையும், "தோ" என்பது விலங்கின் முதுகில் பொதி ஏற்றிச் செல்வதையும் குறிக்கும். 1954 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைகளுக்கு எதிராக நடைபெற்ற தியன் பியன் பூ சண்டையில் வியட் மின் படையினருக்கு உணவும் வெடிபொருள்களும் கொண்டு செல்ல இவ்வண்டிகள் பெருமளவில் பயன்பட்டன.

பின்னணி

தியன் பியன் பூ, வியட்நாமின் வடமேற்கில், லாவோஸ் எல்லைக்கு அருகே மலைகளால் சூழப்பட்ட ஒரு பள்ளத்தாக்கு ஆகும். 1953 நவம்பர் 20 அன்று பிரெஞ்சுப் படைகள் வான்குடைகள் மூலம் இங்கு இறங்கின. அவற்றுக்கு வேண்டிய பொருள்கள் வானூர்தி மூலம் வந்தன. வோ நுயென் கியாப் தலைமையிலான வியட் மின் படைகளுக்கோ, நெல் விளையும் தான் ஓவா போன்ற பகுதிகளிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்கு மலைவழியாக அரிசி வரவேண்டியிருந்தது.

காவடியில் சுமப்பவர் ஒருவர் 20 கிலோகிராம் அரிசியுடன் புறப்பட்டு, நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்து, ஒரு கிலோகிராம் அரிசி உண்பதாகக் கொண்டால், 20 ஆம் நாள் போய்ச் சேரும்போது அவரிடம் எதுவும் மிஞ்சியிராது. அதே ஆள் 200 கிலோகிராமை மிதிவண்டியில் தள்ளிச் சென்றால், திரும்பி வரும் வழிக்கான உணவு போகவும் 160 கிலோகிராம் களத்துக்குக் கிடைக்கும். பொதி மிதிவண்டியின் முதன்மை இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.

அமைப்பு

பூஜோ போன்ற பிரெஞ்சு நிறுவனங்களின் சாதாரண மிதிவண்டிகளே இதற்குப் பயன்பட்டன. தள்ளிச் செல்லும் வண்டிக்கு மிதிகட்டையும் சங்கிலியும் தேவையில்லை. மூங்கில் அல்லது மரத்துண்டுகளைக் கட்டிச் சட்டகம் வலுவாக்கப்பட்டது. பாரத்தால் சக்கரம் நசுங்காதிருக்க, டயருக்குள் பழைய துணியும் கிழிந்த டியூபும் சுற்றப்பட்டன.

பக்கவாட்டில் மூட்டைகள் புடைத்திருப்பதால், தள்ளுபவரின் கை கைப்பிடிக்கு எட்டாது. எனவே கைப்பிடியின் இடப்பக்கத்தில் ஒரு நீண்ட கழி கட்டப்பட்டது. இருக்கைக்குப் பின்னால் மற்றொரு கழி செங்குத்தாக நடப்பட்டது. இடக்கையால் முதற்கழியைப் பிடித்துத் திசை திருப்புவர்; வலக்கையால் இரண்டாவதைப் பிடித்து வண்டி சாயாமல் நிமிர்த்தித் தள்ளுவர்.

பாரத்தை இருபுறமும் சமமாக, இயன்றவரை தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். உயரத்தில் ஏற்றிய பாரம் சிறிது சாய்ந்தாலும் வண்டியை இழுத்துக்கொண்டு விழும். 200 கிலோகிராமுடன் விழுந்த வண்டியை ஒருவர் தனியே தூக்கி நிறுத்துவது இயலாது. அரிசி மூட்டை நெகிழ்ந்து சட்டகத்தோடு படியும். வெடிபொருட் பெட்டி அவ்வாறு படியாது. ஆடாதபடி இறுக்கிக் கட்டவேண்டும். ஏற்றத்தில் ஒருவரோ இருவரோ முன்னால் நின்று கயிறு கட்டி இழுத்தனர். இறக்கத்தில் அக்கயிறே பின்னால் இருந்து வண்டியைத் தடுத்து நிறுத்தியது. பிரேக்கை நம்பி இறங்குவது ஆபத்தானது.

பயன்பாடு

ஏறத்தாழ 21,000 மிதிவண்டிகள் இச்சண்டையில் ஈடுபடுத்தப்பட்டன. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பயணம் பெரும்பாலும் இரவில் நடந்தது. ஒற்றையடிப் பாதையே போதுமானதாக இருந்ததால், சாலை தகர்க்கப்பட்டாலும் வண்டிகள் சுற்றிச் செல்ல முடிந்தது. தொடக்கத்தில் 100 கிலோகிராம் அளவில் இருந்த சுமை பின்னர் 200 கிலோகிராமைத் தாண்டியது. மா வான் தாங் என்பவர் ஒரே வண்டியில் 352 கிலோகிராம் ஏற்றிச் சென்றதே மிகக் கூடிய அளவாகக் கூறப்படுகின்றது.

பீரங்கிகளும் மிதிவண்டியிலேயே வந்தன என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. அவற்றைச் சரக்குந்துகள் இழுத்து வந்தன; சாலை முடிந்த இடத்திலிருந்து மனிதர்கள் கயிறு கட்டி இழுத்தனர். சோவியத் தயாரிப்பான 600க்கும் மேற்பட்ட சரக்குந்துகளும், இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் தொண்டர்களும் வழங்கற் பணியில் இருந்தனர். 1954 மே 7 அன்று பிரெஞ்சுத் தளம் வீழ்ந்தது.

பிற்காலம்

1959 இல் தொடங்கப்பட்ட ஹோ சி மின் பாதையிலும் பொதி மிதிவண்டிகள் பயன்பட்டன. போருடன் தொடர்பில்லாத இடங்களிலும் இம்முறை காணப்படுகின்றது. இந்தியாவின் சார்க்கண்ட் மாநிலத்தில், நிலக்கரி விற்போர் 200 கிலோகிராமுக்கும் மேற்பட்ட நிலக்கரி மூட்டைகளை மிதிவண்டியின் இருபுறமும் கட்டி, நெடுந்தொலைவு தள்ளிக்கொண்டே நடக்கின்றனர்.