ஒரு லப்டொப்புக்குள் எத்தனை அறை?

2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கட நாவலடியையும் கல்லடியையும் அடித்துப்போன பிறகு, இலங்கையின் மென்பொருள் எழுத்தாளர்கள் கொஞ்சப்பேர் தொண்டாகக் கூடி ஒரு மென்பொருள் எழுதினார்கள். காணாமற்போனவர்கள், முகாம்கள், வந்துசேர்ந்த உதவிகள் எல்லாவற்றையும் பதிவதற்கு. பெயர் சஹானா, சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அடுத்த வருடமே பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது.

பேரிடர் நேரத்தில் என்ன கொம்பியூட்டர் கையில கிடைக்கும் எண்டு யாருக்குத் தெரியும்? அப்போதைய சஹானா ஓட பிஎச்பி வேண்டியிருந்தது, மைஎஸ்கியூஎல் வேண்டியிருந்தது, அதுகளும் பொருந்துகிற பதிப்பாக இருக்கவேண்டியிருந்தது. "என்ட மெஷினில வேலை செய்யுதே" எண்டு சொல்லித் தப்ப ஏலாது.

இந்தத் தலையிடி சுனாமியை விடப் பழசு. 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே 'சிஎச்ரூட்' என்றொரு வசதி இருந்தது. ஒரு கோப்புறையைக் காட்டி, "இதுதான் முழு உலகம்" என்று மென்பொருளை நம்பவைக்கிற வேலை. பீஎஸ்டி யுனிக்ஸிலும் அது இருந்தது. ஓடிக்கொண்டிருக்கிற கணினியைக் குழப்பாமல் புதிய பதிப்பைக் கட்டிப் பார்க்க அது உதவியது. ஆனால் சுவர் மெல்லிசு. தெரிந்தவன் ஏறிக் குதிப்பான். 2000இல் ஃப்ரீபிஎஸ்டி அந்தச் சுவரை உயர்த்தி, 'ஜெயில்' என்றே பெயரும் வைத்தது. (பெயர் வைக்கிறதில இந்த ஆக்களுக்கு ஒளிவுமறைவே இல்லை.)

2007இல் இயன் பிக்கிங் பைதனுக்கு 'வெர்ச்சுவல்என்வ்' செய்தார். 2013இல் டொக்கர் வந்தது. இரண்டையும் ஒண்டு எண்டு நினைக்கக் கூடாது. முன்னது பைதன் நூலகங்களை மட்டும் ப்ரொஜெக்டுக்கு ப்ரொஜெக்ட் பிரித்து வைக்கும். டொக்கர், மென்பொருளுக்குத் தேவையான கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பொதியாகக் கட்டும்.

வீட்டில ஒரே லப்டொப். அக்காவின் கம்பஸ் அசைன்மென்டும் தம்பியின் விளையாட்டும் அதிலதான். அப்படியான வீடுகளுக்கு நாங்கள் முதலில் சொல்லுறது வெர்ச்சுவல்என்வைத்தான். விண்டோஸில் டொக்கர் ஓடுவது பின்னால ஒளிந்திருக்கிற ஒரு லினக்ஸுக்குள். 4 ஜீபி ரேம் மூச்சுத் திணறும், பொதிகளை இறக்கவே டேட்டா கரையும். வெர்ச்சுவல்என்வ் வெறும் ஒரு கோப்புறை. பழுதானால் அழித்துவிட்டு, நூலகங்களின் பெயரும் பதிப்பும் எழுதிய பட்டியலைக் கொடுத்துத் திரும்பக் கட்டலாம். அந்தப் பட்டியலை மட்டும் துலைக்காதீங்கோ.

டொக்கருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கொள்கலனை அழித்தால் அதற்குள் பதிந்த தரவும் போய்விடும். சஹானா மாதிரி ஒன்றை அதில் ஓட்டினால், மென்பொருளை நூறு தரம் திரும்பக் கட்டலாம். முகாமில் வரிசையில் நின்றவர்கள் சொன்ன பெயர்களைத் திரும்ப எடுக்க ஏலாது. தரவுத்தளத்தைக் கொள்கலனுக்கு வெளியே வையுங்கோ. டொக்கரில் அந்த இடத்துக்கு 'வொலியூம்' எண்டு பெயர்.