பெருங்காயம் தீர்க்கும் வாயு எது?
பருப்பில் பெருங்காயம் போட்டால் வாயுத் தொல்லை வராது என்ற சமையலறை நம்பிக்கையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன ஊர்களில் மைசூர் முக்கியமானது. செலுவாம்பா மாளிகையில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், கே. சீனிவாசனும் கல்பனா பிளாட்டலும் 1990களில் எலிகளுக்கு இஞ்சி, சீரகம், பெருங்காயம் போன்றவற்றை ஊட்டி ஆராய்ந்தார்கள். வெற்றிலையும் தப்பவில்லை; அந்த ஆய்வு 1995இல் வெளியானது. பல மசாலாக்கள் பித்தநீர்ச் சுரப்பையோ செரிமான நொதிகளையோ கூட்டின. ஆகவே பாட்டிமார் சொன்னதை வெறும் கதை என்று தள்ள முடியாது.

எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்குமா என்பது நியாயமான கேள்வி. அதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பருப்பு வாயுவுக்கு முதன்மைக் காரணம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள். அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. பித்தநீர் பெருகினாலும் இந்த நொதிக் குறை தீராது. பித்தநீர் செரிக்க உதவுவது கொழுப்பை என்பதால், கொழுப்பு செரிக்காத மந்தத்துக்கு மசாலா உதவலாம். பருப்பு உப்புசத்தைக் குறைப்பதில் ஊறவைத்த நீரைக் கொட்டுவதும் முளைகட்டுவதும்தான் கூடுதல் பலன் தருபவை. மைசூர் வட்டாரத்தில் அவரையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிச் சமைக்கிறார்களே, அந்த ஊறலுக்குச் சேர வேண்டிய புகழில் ஒரு பங்கைப் பெருங்காய டப்பா தட்டிக்கொண்டு போயிருக்கிறது.