சவ்வும் சவர்நீரும்



வற்றாத ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குக் கிணற்று நீரே உயிர். மாரிமழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. அளவிறந்து இறைப்பின் உவர் மேலெழும், கிணறு சவராகும். உப்பாற்றை அண்டிய கோப்பாய் மக்கள் இதனை நன்கறிவர்.

நீரிற் கரைந்த உப்பைத் துணியால் வடிக்க இயலாது. 1748இல் நொலே என்னும் பிரெஞ்சு அறிஞர், மதுசாரக் குப்பியின் வாயிற் கட்டிய விலங்குச் சவ்வினூடே வெளிநீர் உட்புகக் கண்டார். இவ்வோட்டத்தை அமுக்கத்தால் எதிர்த்திசையிற் செலுத்தினால் உப்பு பின்தங்கும்; நீர் மட்டும் கடக்கும். இதற்கேற்ற மெல்லிய சவ்வை, 1960 அளவில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப்பும் இந்தியரான சீனிவாச சௌரிராஜனும் அமைத்தனர். 1965இல் கோலிங்கா என்னும் சிற்றூரில் சவர்நீர் இம்முறையாற் குடிநீராயிற்று.

எனினும், அழுக்குப் படிந்தால் சவ்வு அடைபடும். ஆலைகளில் வட்டத்தட்டுக்களைச் சுழலவிட்டு, படிவு தங்குமுன் அதனை அகற்றும் வடிபொறிகள் எழுந்தமை இக்குறையினாலேயே.

நமது தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட கடல்நீர் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரும் திறனுடையது. ஆனால், அதற்கு இடையறாத மின்வலு வேண்டும். மழையும் கல்லும் கூலி கேளாது வடித்துத் தரும் நன்னீரைக் காப்பதே நமது முதற்கடன்.