துப்பாக்கி உரிமமும் ஆணையரின் கையெழுத்தும்: ஆவடியை முன்வைத்து

2016 டிசம்பர் இறுதிவரை உள்துறை அமைச்சகம் தொகுத்த கணக்கின்படி உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன; தமிழ்நாட்டில் 22,532. 2011 மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் அங்கே ஏறத்தாழ 156 பேருக்கு ஓர் உரிமம், இங்கே 3,200 பேருக்கு ஒன்று. இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே சட்டம்தான்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். இருபது மடங்கு வேறுபாட்டை ஒரே வாசகம் உண்டாக்கியிருக்க முடியாது. நிலவுடைமை, சாதிப் பெருமிதம், கொள்ளையர் பயம் என்று வடக்கே பல காரணங்கள் உண்டு என்பது மெய். ஆனால் அவை எல்லாம் உரிமமாக மாறுவதும் மாறாமல் போவதும் ஓர் அதிகாரியின் மேசையில். இந்தியாவில் துப்பாக்கிக் கொள்கையை மாநிலங்களே வகுக்கின்றன. அதைச் சட்டமன்றத்தில் பேசாமல் வகுக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். சென்னையின் மேற்குப் புறநகர் இதைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம்.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஆயுதங்களும் வெடிபொருள்களும் ஒன்றியப் பட்டியலின் 5ஆம் இனம். பொது ஒழுங்கும் காவலும் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். ஆகவே ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த 2019 திருத்தம், கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு இரண்டாண்டுவரை சிறை என்ற அதே திருத்தம், இரண்டும் நாடாளுமன்றத்தின் வேலை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டமே வேறு. வெளியே கைத்துப்பாக்கி கொண்டுசெல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022இல் செல்லாது என்றது. சண்டை அங்கே வாசகத்தின் மேல் நடக்கிறது, எல்லாருக்கும் தெரியும்படி நடக்கிறது.

நம் சட்டத்தின் வாசகத்தை ஊன்றிப் படிப்பவர் சற்றுத் திகைப்பார். 13(3) பிரிவு இரண்டு கதவுகளை வைத்திருக்கிறது. குறைந்தது இருபது அங்குலக் குழலுள்ள, உட்புறம் வழுவழுப்பான துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கும் குடிமகனுக்கும், பயிரைக் காக்க வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைக் கேட்பவருக்கும் அதிகாரி உரிமம் ‘வழங்க வேண்டும்’. மற்ற ஆயுதங்களுக்கு மட்டுமே தக்க காரணம் இருப்பதாக அதிகாரி நிறைவடைய வேண்டும். அப்படியானால் முதல் கதவு ஏறக்குறைய உரிமை போலவே ஒலிக்கிறது. அடுத்த பிரிவு அதை விழுங்கிவிடுகிறது: பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவை என்று கருதினால், அல்லது ஏதோ ஒரு காரணத்தால் விண்ணப்பதாரர் தகுதியற்றவர் என்று கருதினால், 14ஆம் பிரிவின்படி மறுக்கலாம். அதே பிரிவில் இன்னோர் உட்பிரிவு, போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்கிறது. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. உரிமம் என்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 1993இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்ல, 1995இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ஏற்க மறுத்தது. அமெரிக்காவைப் போல ஆயுதம் தாங்கும் உரிமை இங்கே எவருக்கும் இல்லை என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் குறிப்பிட்டது.

இனி ஆவடி. 2022 ஜனவரி 1 அன்று ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகள் சென்னை ஆணையரிடமிருந்து அதற்கு மாறின. சோழவரம், மீஞ்சூர், வெள்ளவேடு பக்கம் திருவள்ளூர் மாவட்டக் காவலிலிருந்து வந்து சேர்ந்தது. ஆயுதச் சட்டத்தில் ஒரு வரையறை உண்டு: காவல் ஆணையர் நியமிக்கப்பட்ட இடத்தில் ‘மாவட்ட நடுவர்’ என்றால் அந்த ஆணையரே. வெள்ளவேட்டு விவசாயி அதுவரை கலெக்டர் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்திருப்பார்; காவல் துறை அறிக்கை தரும், வருவாய்த் துறையும் விசாரித்துச் சொல்லும், கலெக்டர் முடிவெடுப்பார். அறிக்கை தருபவர் ஒருவர், தீர்ப்பவர் வேறொருவர். ஜனவரி 1க்குப் பிறகு நிலையத்து ஆய்வாளரின் அறிக்கையும் ஆணையரின் ஆணையும் ஒரே துறைக்குள் அடங்கிவிட்டன. ஒரு சட்டமும் திருத்தப்படவில்லை. ஆனால் ஒரு துறை இன்னொரு துறையைச் சரிபார்க்கும் ஏற்பாடு அந்த ஊர்களில் மறைந்துவிட்டது. பெருநகரங்களுக்கென எழுதிய வரையறை ஏரிப்பாசன ஊர்களுக்கும் இப்படித்தான் வந்து சேர்ந்தது. இதைப் பற்றி எவரும் வாய் திறக்காததை நான் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பகுதியில் துப்பாக்கி கேட்கக்கூடியவர்களை எண்ணிப் பாருங்கள். ராணுவத்திலும் சி.ஆர்.பி.எஃப்.பிலும் இருந்து ஓய்வுபெற்று, வங்கியிலோ பணம் ஏற்றும் வண்டியிலோ இரட்டைக் குழல் துப்பாக்கியோடு செக்யூரிட்டி வேலைக்குப் போக நினைப்பவர்கள். அம்பத்தூர் எஸ்டேட் தொழிலதிபர்கள். ஆவடி நரிக்குறவர் குடியிருப்பு மக்கள். முதல் இரு சாராருக்கும் சட்டத்தில் சொல் இருக்கிறது. பறவை வேட்டைக்கு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த மரபினரான மூன்றாம் சாராருக்கு இல்லை. பாதுகாப்பு, விளையாட்டு, பயிர் என்று மூன்று தேவைகளைச் சட்டம் அறிகிறது. வயிற்றுப்பாட்டை அது அறியாது. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே குற்றமாக்கிய பிறகு அந்தத் துப்பாக்கி வெறும் சந்தேகப் பொருளாயிற்று. சொத்தில்லை என்று மறுக்கக் கூடாது என்ற உட்பிரிவு இவர்களுக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க: குடகர்களுக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொடரும் உரிம விலக்கை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது.

வரலாறும் இந்த ஊரைத் தொட்டுச் செல்கிறது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியர் கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அந்தக் கசப்பில்தான் 1931 கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதை அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அரசியலமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. குற்றவாளிகளும் அந்த உரிமையைக் கோருவார்கள் என்பது அவர் பதிலின் சாரம். 19ஆவது உறுப்பில் மிஞ்சியது ‘ஆயுதமின்றி’க் கூடும் உரிமை. 1955 ஜனவரியில் அதே காங்கிரஸ் ஆவடியில் கூடிச் சோஷலிசப் பாணிச் சமுதாயத்தைத் தீர்மானமாக்கியது. மறு ஆண்டின் தொழிற்கொள்கை ஆயுத உற்பத்தியை அரசுக்கே ஒதுக்கியது, 1961இல் அந்த ஆவடியிலேயே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. கராச்சியில் குடிமகனுக்குக் கேட்ட ஆயுதம் கால் நூற்றாண்டில் முழுக்க அரசின் கைக்குப் போய்விட்டது.

மாநில அரசியலில் உரிமத் துப்பாக்கி தலைகாட்டுவது பெரும்பாலும் தேர்தல் காலத்தில். தேதி அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். ஒவ்வொருவரின் பின்னணியையும் ஆய்வுக்குழு பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணைய நெறி. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டபோது, தேர்தலுக்காக ஒப்படைத்த அவரது துப்பாக்கி திரும்பக் கிடைத்ததா என்ற கேள்வி எழுந்தது. ஜூன் மாதமே தந்துவிட்டதாகக் காவல் ஆணையர் விளக்கினார். தற்காப்புக்கு உரிமம் தரும் அரசு எந்த நாள்களில் அந்தத் தற்காப்பை நிறுத்திவைக்கலாம் என்ற பெரிய கேள்வி அந்த விளக்கத்தோடு அமுங்கிப்போனது. 1967இல் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட சம்பவமும் துப்பாக்கி உரிமம் பற்றிய விவாதமாக நினைவில் நிற்கவில்லை.

துப்பாக்கி குறைவாக இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், உரிமங்கள் பெருக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அரிவாளால் நடக்கும் கொலைகளுக்குத் துப்பாக்கி மருந்தாகும் என்றும் நம்பவில்லை. ஆனால் குறைவு என்பது முடிவெடுத்து அடைந்த கொள்கையா, மனுக்கள் கிடப்பில் கிடந்ததன் விளைவா என்று இன்று சொல்ல வழியில்லை. மறுப்புக்கு எழுத்தில் காரணம் வேண்டும் என்று சட்டமே சொல்வதாலும், ஒவ்வோர் உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் இருப்பதாலும், கணக்கெடுப்பது கடினமன்று. காவல் மானியக் கோரிக்கையின்போது பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் ஆணையரகம், மாவட்டம் வாரியாக வந்த மனுக்கள், தந்தவை, மறுத்தவை, மறுத்த உட்பிரிவு என்று ஓர் அட்டவணை சேர்க்கலாம். சோழவரத்திலும் வெள்ளவேட்டிலும் 2022க்கு முன் கலெக்டர் மறுத்ததையும் பின் ஆணையர் மறுத்ததையும் அப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.