'அந்தப் பக்கம் வராது சார்'

போன மழைக்காலத்தில் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு, திருவல்லிக்கேணி பெரிய தெருவில் ஒரு மேன்சன் வாசலில் நின்று ரைடர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். நண்பனின் அறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர். இருபத்தைந்து வயது இருக்கும். பேச்சுக்கு நடுவிலேயே அவர் போனில் அடுத்த ஆர்டர் விழுந்தது. ஜாம் பஜார் பக்கம் ஒரு கடையில் எடுத்து பெசன்ட் நகரில் கொடுக்க வேண்டும். திரையில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன.

"ரூம் இங்கதான் சார், ஐஸ் ஹவுஸ்ல. பக்கத்துலயே ஒண்ணு கிடைச்சா முடிச்சிட்டுப் போயிடலாம்னு பார்த்தேன். பெசன்ட் நகர் போனா திரும்பி வர்ற பெட்ரோல் யாரு குடுப்பா?"

"வேணாம்னு சொல்ல முடியாதா?"

"சொல்லலாம். சொன்னா இன்னைக்கு இன்சென்டிவ் போயிடும். நாலஞ்சு தடவை சொன்னா அப்புறம் ஆர்டரே சரியா விழாது."

விநாடிகள் தீர்வதற்குள் பச்சைப் பட்டனைத் தொட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்தப் பட்டனைப் போன்ற பட்டன்களைத் தினமும் பார்க்கிறேன். பொதுவாக அதன் பின்னால் ஒரு அட்டவணை இருக்கும். யார் எத்தனை முறை ஏற்றார், எத்தனை முறை மறுத்தார் என்று அதில் ஏறிக்கொண்டே போகும். அவருடைய 'வேணாம்' அங்கே ஒரு எண். அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதை அவரிடம் கேட்காமல் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

இதே தெருக்களில் ஒரு காலத்தில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. பார்த்தசாரதி கோவில் வாசலிலும் பைகிராஃப்ட்ஸ் ரோட்டிலும் ரிக்‌ஷாக்காரர்கள் நின்றார்கள். அவர்கள் வாழ்க்கையை யாரும் பொறாமைப்பட முடியாது. மனிதனை மனிதன் இழுத்துக்கொண்டு ஓடும் வேலை. வண்டியும் பெரும்பாலும் சொந்தமில்லை, தினவாடகை. ஆனால் ஏறுவதற்கு முன்னால் ஒரு பேச்சு இருந்தது. எங்கே போகணும், எத்தனை பேர், எவ்வளவு தருவே. கட்டுப்படி ஆகவில்லை என்றால் வராது என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைக்கலாம். அடுத்த சவாரிக்காரருக்கு அது தெரியப்போவதில்லை.

அந்த ரிக்‌ஷாக்காரர்களுக்கு இந்த ஊர் என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். அறுபதுகளில் எம்.ஜி.ஆர். அவர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்தார். 1973இல் கருணாநிதி அரசு கைரிக்‌ஷாவை ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. இரண்டையும் நான் சாதாரணமாக நினைக்கவில்லை. மழையில் நனையாமல் வண்டி இழுப்பதும், மாடு மாதிரி இழுப்பதை விட்டு மிதிப்பதும் பெரிய விஷயங்கள். ஆனால் பேரம் பேசும் உரிமையைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவர்கள் வாயிலேயே இருந்தது.

ஆட்டோ வந்தபோதுதான் சட்டம் அந்த வாயில் கைவைத்தது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 178ஆவது பிரிவின்படி, பெர்மிட் வாங்கிய ஆட்டோ சவாரிக்கு வர மறுப்பது குற்றம். அபராதம் ஐம்பது ரூபாய் வரைக்கும். நம்மில் யாரும் அதை நம்பி ஆட்டோ பிடித்ததில்லை, அது வேறு. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. மறுக்கும் உரிமையை எடுத்துக்கொள்ளும் அரசு, பதிலுக்குக் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கிறது. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்தது, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன்பிறகு பல வருடம் அதைத் திருத்தாமலே போட்டுவைத்ததால்தான் 'மேல போட்டுக் குடுங்க சார்' வந்தது. நடைமுறை மோசம். ஆனாலும் கொள்கை தெளிவு: மறுக்கக் கூடாதென்றால் கூலிக்கு ஒரு சட்டம் இருக்கணும். கூலிக்குச் சட்டம் இல்லையென்றால் மறுக்க விடணும்.

உணவு கொண்டுவரும் ரைடருக்கு இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை. அவர் 'பார்ட்னர்', சுதந்திரமாகத் தொழில் செய்பவர், அதனால் அவருக்குக் கூலி நிர்ணயம் கிடையாது. சரி, பார்ட்னர் என்றால் ட்ரிப்பை மறுக்கலாமே? மறுத்தால் இன்சென்டிவ் போகும். ரிக்‌ஷாக்காரரின் பேரமும் இல்லை, ஆட்டோக்காரரின் மீட்டரும் இல்லை.

2020 ஆகஸ்டில், ஊரடங்குக் காலத்தில், சென்னை ஸ்விக்கி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓர் ஆர்டருக்குக் குறைந்தபட்சம் 35 ரூபாயாக இருந்தது 15 ரூபாயாகக் குறைந்துவிட்டது என்பது அவர்கள் புகார். 2022 செப்டம்பரில் மறுபடியும் இறங்கினார்கள். இந்த முறை வேலைநேரப் பிரிவுகளையும் இன்சென்டிவ் முறையையும் மாற்றியதை எதிர்த்து. முதல் போராட்டம் காசுக்காக. இரண்டாவதில் காசும் இருந்தது, நேரமும் இருந்தது.

நேரத்துக்காகப் போராடுவது சென்னைக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்த கதையை எடுத்துப் பாருங்கள். பெரம்பூரில் செல்வபதி செட்டியாரின் கடைக்கு வரும் பி அண்டு சி மில் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் முக்கியமானது மதியச் சாப்பாட்டு இடைவேளை. அரை மணி நேரத்தில் கைகழுவிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி ஓட முடியவில்லை. வாடியாவும் திரு.வி.க.வும் வந்து பேசிய கூட்டங்களுக்கு அடியில் இருந்தது இந்தச் சோற்றுக் கணக்குதான். 1920இல் கதவடைப்பு வந்தபோது பின்னி கம்பெனி வாடியா மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று. அதாவது, 'வர முடியாது' என்று சேர்ந்து சொல்வதே ஒரு சிவில் குற்றமாகப் பார்க்கப்பட்டது. அந்த வழக்கு கிளப்பிய விவாதத்தின் முடிவில்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. மறுப்பதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பதை இந்தியா கற்றுக்கொண்டதில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு.

நடுவில் 1923 மே 1. அயோத்தியா குப்பத்தில் பிறந்த சிங்காரவேலர், உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலிருந்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தினார். எட்டு மணி நேரத்துக்குமேல் உள்ள நேரம் என்னுடையது என்பதுதான் மே தினத்தின் மூலக் கோரிக்கை. இன்றைய ரைடருக்கு அதையே வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. எவ்வளவு தூரம் போவேன், எந்தப் பக்கம் போவேன் என்பதில் எனக்கும் ஒரு சொல் வேண்டும்.

இதை அப்படியே சட்டமாக எழுதிய ஊர் நியூயார்க். அங்கே உணவு டெலிவரி செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, குவாத்தமாலா, வங்கதேசம் என்று வெளியிலிருந்து வந்தவர்கள். 'லாஸ் டெலிவரிஸ்டாஸ் உனிடோஸ்' என்று சேர்ந்தார்கள். 2021 செப்டம்பரில் நகர சபை ஒரு கட்டுச் சட்டங்களை நிறைவேற்றியது. 2022 ஏப்ரல் 22 முதல், கடையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தூரம் போவேன் என்பதை ரைடரே குறித்து வைக்கலாம். பாலம், சுரங்கப்பாதை வழியாகப் போக மாட்டேன் என்றும் சொல்லலாம். ஏற்பதற்கு முன்பே எங்கே எடுக்கணும், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எவ்வளவு டிப்ஸ் என்று காட்டியாக வேண்டும். கடைகள் கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும் என்பதும் அந்தக் கட்டில் ஒரு சட்டம்.

அதோடு முடியவில்லை. 2023 டிசம்பரில் மணிக்கு 17.96 டாலர் என்று குறைந்தபட்சக் கூலி வந்ததும், டிப்ஸ் கேட்கும் இடம் ஆர்டர் போட்டபிறகு என்று நகர்ந்தது. எப்போது லாகின் செய்யலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் இன்னொரு பக்கம் வழியும். அதற்காக அடைக்காமல் இருக்க முடியுமா?

இங்கே என்ன இருக்கிறது? 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2025 பட்ஜெட்டில் வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் என்றார்கள். மாநகராட்சி அண்ணா நகரிலும் நுங்கம்பாக்கத்திலும் ஏசி ஓய்வறை கட்டியது. ஒன்றிய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020இல் எழுதப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் விற்றுமுதலில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. எல்லாமே தேவை. வெயிலில் நிற்பவருக்கு ஏசி அறையின் அருமை தெரியும். ஆனால் இவையெல்லாம் மழைக்கோட்டின் வரிசையில் வருபவை. ட்ரிப்பைத் தொடுவதில்லை. கொஞ்சம் நெருங்கி வருவது கர்நாடகத்தின் 2025ஆம் வருடச் சட்டம். வேலையையும் கூலியையும் கணினி எப்படித் தீர்மானிக்கிறது என்று தொழிலாளி கேட்கலாம். ஒருவரை நீக்க 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. ஆளாளுக்குத் தூரம் குறித்தால், 'அந்த ஏரியாவுக்குப் போக மாட்டேன்' என்பதும் வந்துவிடாதா? வியாசர்பாடி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆட்டோக்களை நாம் பார்த்திருக்கிறோம். கண்ணகி நகர்க்காரர் பசித்துக் கிடக்கணுமா? அதனால்தான் நியூயார்க் சட்டம் பகுதியின் பெயரை வைத்துப் பேசவில்லை, தூரத்தையும் பாலத்தையும் வைத்துப் பேசுகிறது. இங்கேயும் அப்படித் தூரத்தை வைத்தே எழுதலாம். தூரமான ட்ரிப்புக்கு ஆள் வரவில்லையென்றால் அதற்கான வழி, திரும்பி வரும் தூரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுப்பது. அவர் மதிப்பெண்ணைக் குறைப்பது இல்லை.

தொழில்நுட்பத்தில் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாப்பாடு ஆர்டர் செய்யும் நமக்கு 'பக்கத்தில் உள்ள கடைகள்', 'சைவம் மட்டும்' என்று எத்தனை வடிகட்டிகள் இருக்கின்றன. கொண்டுவருபவருக்கு 'ஐந்து கிலோமீட்டருக்குள்' என்று ஒன்று வைப்பது என்னைப் போன்றவர்களுக்குச் சில வார வேலை. இதுவரை யாரும் கேட்டு வாங்கவில்லை, எழுதச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை, அவ்வளவுதான்.

அன்று இரவு நான் வீட்டுக்குக் கடற்கரைச் சாலை வழியாகத்தான் போனேன். ராய் சௌத்ரி செய்து 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அங்கே இருக்கிறது. நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். அவரும் பெசன்ட் நகருக்கு அநேகமாக அதே சாலையில்தான் போயிருப்பார். எத்தனை மணிக்கு ஐஸ் ஹவுஸ் திரும்பினார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் திரும்பும் பயணம் எந்த அட்டவணையிலும் ஏறியிருக்காது.