அவிழ்த்து உலர்த்தும் மரங்கள்

நம் நல்லூர் கடலைக் காணாத ஊர். ஆயினும், வெட்டிய துணித் துண்டுகளை இணைத்துத் தைத்து ஆடையாக்கும் தொழிலை இங்கே அறியாத வீடு இல்லை. தமிழகக் கடற்கரையில் இதற்கு ஒப்பான பழமையான கலை ஒன்று உண்டு. தனித்தனி மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கலமாக்கும் கட்டுமரக் கலையே அது. ஆனால் ஒரு வேறுபாடு. தைத்த ஆடையை நாம் பிரிப்பதில்லை. கட்டிய மரத்தையோ, கரை சேர்ந்ததும் மீனவர் பிரித்துவிடுவார்.

எடை குறைந்த மென்மரங்களைச் செதுக்கி அருகருகே அடுக்குவர். சோழமண்டலக் கரையில் நடுமரம் சற்றுத் தாழ்ந்தும், ஓரமரங்கள் உயர்ந்தும் அமையும். முன்னும் பின்னும் குறுக்குக் கட்டைகளை வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்குவர். பாய் விரித்து ஓடும்போது காற்று பக்கவாட்டில் தள்ளிவிடாதபடி, மரங்களின் இடுக்கில் பலகையைச் செருகி நீருக்குள் இறக்குவர். பின்புறத்துத் துடுப்பே சுக்கான். அலை மேலேறினாலும் தண்ணீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும், கலம் மூழ்குவதில்லை.

இத்தகைய கலத்தை ஏன் பிரிக்க வேண்டும்? மென்மரம் நீரை உறிஞ்சும். கட்டியபடியே விட்டுவைத்தால் நாளுக்கு நாள் கனத்துப்போகும். மிதக்கும் ஆற்றலும் குன்றும். எனவே கட்டவிழ்த்து, ஒவ்வொரு மரமாகத் தோளில் சுமந்து, மணலில் பரப்பி உலர்த்துவர். அடுத்த பயணத்திற்கு மீண்டும் கட்டுவர்.

1639இல் ஆங்கிலேயர் சென்னையில் கால்பதித்தபோது அங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. கொந்தளிக்கும் கரையலைகளைக் கடந்து அவற்றுக்குக் கடிதம் கொண்டுசென்றவர்கள் கட்டுமரக்காரர்களே. கடிதம் நனையாதிருக்கத் தலையில் அணிந்த கூம்புத் தொப்பிக்குள் அதை வைத்துக்கொள்வர். ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் இக்கலத்தை அதன் தமிழ்ப் பெயராலேயே குறிப்பிட்டார்.

பெயர் கடல் கடந்தது, பொருளோ மாறிவிட்டது. 1876இல் அமெரிக்கர் நத்தானியல் ஹெரஷாஃப், இரட்டை உடல் கொண்ட 'அமரில்லிஸ்' என்ற பாய்க்கலத்தை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி முந்தினார். இரண்டு உடல்களைப் பிணைத்த கலங்களைப் பசிபிக் தீவினர் பன்னெடுங்காலமாகவே செலுத்தி வந்துள்ளனர். இன்று உலகம் 'கட்டமரான்' என அழைப்பது அந்த இரட்டைக் கலத்தையே. ஆயினும் ஒரு பழக்கம் மறையவில்லை. விளையாட்டுக்கான சிறு கட்டமரான்களை இன்றும் பகுதி பகுதியாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, இரு உடல்களையும் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, பாய்மரம் நிறுத்திக் கடலில் இறக்குகின்றனர்.

நம் கரையிலோ தகுந்த மரம் அரிதாயிற்று. 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாயின. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவை விரைவானவை; நாள்தோறும் கட்டவிழ்க்கும் வேலையும் இல்லை. அலையோடு போராடும் மீனவர் அவற்றை நாடியதைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு கலையோடு, அது கற்பித்த பாடமும் நம்மைவிட்டு நீங்கலாகாது.

ஏற்றுமதிக் கெடு நெருங்கினால் நம் ஊரில் இரவென்றும் ஞாயிறென்றும் பார்ப்பதில்லை. தந்தை பகல் ஷிப்டுக்கும் தாய் இரவு ஷிப்டுக்கும் செல்லும் இல்லங்கள் உண்டு. ஓய்வு கேட்பதையே சோம்பல் என்று எண்ணப் பழகிவிட்டோம். கட்டுமரக்காரர் அப்படி எண்ணவில்லை. மரத்தை அவிழ்த்துக் காயவைப்பதும் அவருக்குக் கடல் தொழிலின் ஒரு பகுதியே. உலராத மரத்தைக் கடலில் தள்ள அவர் துணியமாட்டார். உழைத்துக் கனத்துப்போன நம் உடலையும் உள்ளத்தையும் நாம் எந்த மணலில் பரப்புகிறோம்? வரும் ஞாயிறன்று, உணவு வேளையில், குடும்பமாக அமர்ந்து இதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமா?